தசகண்டன் பணியாரம் சுடலாமா?

2016 செப்டம்பரில் தாய்லாந்தில் ஒரு சண்டை நடந்தது. ஆள் சேதம் இல்லாத சண்டைதான், ஆனால் அந்த நாட்டுப் பத்திரிகைகளுக்குப் பல நாள் தீனி போட்டது. சுற்றுலாவை வளர்க்க ஒரு பாட்டுக் காணொளி எடுத்திருந்தார்கள். அதில் தொட்சகன் ஊர் சுற்றுகிறான். தொட்சகன் யார் என்று கேட்காதீர்கள், நமக்கு வேண்டியவன்தான். தசகண்டன் என்ற பெயர் தாய் நாக்கில் அப்படி ஆகிவிட்டது. பத்துத் தலை ராவணன். 'கோன்' என்னும் முகமூடி நாட்டிய நாடகத்தில் போடும் முழு உடையோடும் பச்சை முகமூடியோடும் அவன் குதிரை ஏறுகிறான், குட்டிக் கார் ஓட்டுகிறான், செல்ஃபி எடுக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, உட்கார்ந்து 'கனோம் க்ரோக்' சுடுகிறான். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கலந்து குழிச்சட்டியில் ஊற்றி எடுக்கும் பண்டம் அது. நம் பணியாரத்துக்கு உடன்பிறப்பு.

பண்பாட்டு அமைச்சகத்தில் முன்பு பதவியில் இருந்த ஒருவர் புகார் கொடுத்தார். கோன் உயர்ந்த கலை, தொட்சகன் அரசன், அரசன் தெருவில் பணியாரம் சுடக்கூடாது என்பது சாரம். பொதுமக்களில் பலர் புகாரைக் கேலி செய்தார்கள். கடைசியில் சில காட்சிகளை வெட்டிச் சமாதானம் செய்துகொண்டார்கள்.

அரசாங்க மேசையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் புகாரின் மனசு புரிகிறது. ஒரு கோப்பில் 'இது மரபுக்கு ஏற்றதன்று' என்று குறிப்பு எழுதுவதைப் போலப் பத்திரமான வேலை வேறு கிடையாது. எழுதியவருக்கு ஒரு நாளும் கேடு வராது. 'அனுமதிக்கலாம்' என்று எழுதியவர்தான் விளக்கம் கேட்டு வரும் மெமோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டு அலைவார்.

ஆனால் அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒரு கேள்வியைத் தொடவே இல்லை என்பது என் எண்ணம். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த ஆட்டம் புரிகிறதா?

கோன் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சயாம் அரசவையில் வளர்ந்த கலை. ஆடும் கதை ஒன்றே ஒன்று: ராமகியன், அதாவது அவர்களுடைய ராமாயணம். முதலாம் ராமா 1797-இல் அதை விரிவாக எழுதுவித்தார். அடுத்து வந்த இரண்டாம் ராமா மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார். (சுருக்கும் வேலையை முதலில் செய்தவரே ஓர் அரசர்தான், கவனியுங்கள்.) பாத்திரங்கள் நான்கு வகை. ஆண் நாயகர் 'ப்ரா', பெண்கள் 'நாங்', அரக்கர் 'யக்', குரங்குகள் 'லிங்'. ஒரு பிள்ளை பள்ளியில் சேரும்போதே உடல்வாகைப் பார்த்து நீ யக், நீ லிங் என்று பிரித்துவிடுவார்கள். பெரும்பாலும் ஆயுள் முழுக்க அதேதான். முழங்காலைத் தட்டித் தாளம் பழகுவது, இடுப்பை முழங்கையால் இடித்துப் பழகுவது, தூணைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி மிதிப்பது, காலை விரித்து அகட்டுவது என்று எட்டு வயதிலிருந்து எலும்பை வளைக்கிறார்கள். முகமூடி போட்டவர் பேசமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாடகர்கள்தான் அவருக்காகப் பாடுவதும் பேசுவதும். உடையை ஆடுபவரின் உடம்போடு சேர்த்து ஊசி நூலால் தைப்பார்கள். ஆட்டம் முடிந்து தையலைப் பிரித்தால்தான் விடுதலை.

இந்தக் கலையைப் பற்றி முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்திருக்கிறார். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். அந்தப் படிப்பால் உத்தியோகத்தில் எனக்குப் பெரிய லாபம் கிடையாது. பழைய பத்திரங்களை யாராவது கொண்டுவந்தால் வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஓய்வுக்குப் பிறகுதான் அதற்குப் பலன் வந்தது. பழைய பயண நூல்களைப் படிக்கிறேன். பதினான்காம் லூயி 1687-இல் சயாமுக்கு அனுப்பிய தூதர் சிமோன் தெ லா லூபேர். 1691-இல் பாரீசில் வெளியான தன் நூலில், அங்கே பார்த்த ஆட்டங்களை 'கோன்', 'லகோன்', 'ரபாம்' என்று மூன்றாகப் பிரிக்கிறார். கோன் ஆடுபவர்கள் முகமூடியும் ஆயுதமும் தரித்தவர்கள், ஆட்டத்தைவிடச் சண்டை போலத்தான் தெரிகிறது, முகமூடிகளில் பல கோரமான மிருகங்களும் பிசாசுகளும் என்கிறார். நடுநடுவே ஆடுபவர்கள் ஓரிரு வார்த்தை பேசவும் செய்வார்கள் என்கிறார். லகோன் மூன்று நாள் நடக்குமாம், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை.

லூபேர் திரும்பிய அதே 1688-இல் அரசர் நாராய் இறந்து சயாமில் ஆட்சி மாறியது. பாங்காக் கோட்டையில் இருந்த பிரெஞ்சுப் படை தளபதி தெஃபார்ழ் தலைமையில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, 1689 தொடக்கத்தில் வந்து இறங்கியது எங்கே தெரியுமா? நம் புதுச்சேரியில். பிரான்சுவா மர்த்தேன் காலம். அந்தச் சொல்தாக்களில் யாராவது சயாமில் பார்த்த முகமூடி ஆட்டத்தை இங்கே கள் குடித்துக்கொண்டு யாருக்காவது சொல்லியிருப்பார்களோ என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. ஆதாரம் கேட்காதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். லூபேர் பார்த்த கோனில் ஆடுபவர்கள் பேசினார்கள். இன்று கோமாளிகளைத் தவிர யாரும் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் ராமன் உட்பட எல்லாருக்கும் முகமூடி. பிறகு அந்தப்புர நாடகத்தோடு கலந்தபோது ராமன், லட்சுமணன், பெண்கள், தேவர்கள் முகமூடியைக் கழற்றிவிட்டார்கள். முன்பு ஆண்களே எல்லா வேஷமும் கட்டினார்கள். இன்று சீதையைப் பெண் ஆடுகிறாள். வெட்டவெளியில் ஆடியது, பிறகு மேடை ஏறியது, நிழற்பாவைத் திரைக்கு முன்னால் ஆடியது, ஐந்தாம் ராமா காலத்தில் ஓவியத் திரைகளும் காட்சி அமைப்பும் வந்தன. ஆறாம் ராமா இளவரசராக இருந்தபோதே சொந்தக் குழு வைத்து ஆடியவர். அவர் 1925-இல் போன பிறகு செலவைக் குறைக்க அரண்மனைக் கோன் துறையைக் கலைத்துக் கலைஞர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1932-இல் முடியாட்சியின் அதிகாரம் போய், மிஞ்சியவர்கள் நுண்கலைத் துறையின் சம்பளப் பட்டியலுக்கு வந்தார்கள். 1934-இல் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதாவது, 'மரபு' என்று இன்று கை காட்டுகிற எதுவும் அடுக்கடுக்காக மாற்றப்பட்ட ஒன்றுதான். ஆகவே மாற்றலாமா கூடாதா என்ற பட்டிமன்றம் வீண். அது எப்போதோ முடிந்துபோன வழக்கு.

எந்த மாற்றம் நல்லது என்பதுதான் பாக்கி. அதில் எனக்குத் தெரிந்து இப்போது மூன்று வழிகள் நடக்கின்றன.

ஒன்று ராணி சிரிகிட் தொடங்கி வைத்த வழி. அவருடைய கைத்தொழில் அறக்கட்டளை 2007-இல் ஒரு பெரிய தயாரிப்பைப் போட்டது. பிறகு கிட்டத்தட்ட ஆண்டுதோறும் ஓர் அத்தியாயம் என்று தாய்லாந்து கலாசார மையத்தில் நடந்து வருகிறது. பழைய உடைகளையும் சுவரோவியங்களையும் பார்த்துச் சரிகை வேலையை மறுபடி கற்றுக்கொடுத்து, கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டு உடை தைத்தார்கள். மேடையில் இயந்திரங்கள், பறக்கும் ஆட்கள், வீடு உயரத்துக்கு அனுமான். திரையில் பாட்டின் வரிகள் ஓடுகின்றன. இளைஞர்கள் வேஷம் கேட்டுத் தேர்வுக்கு வரிசையில் நிற்கிறார்கள். பெரியவர்கள் சிலர் இதைச் சினிமாத்தனம் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

2011-இல் அவர்கள் எடுத்தது மையராப் அத்தியாயம். மையராப் வேறு யாருமில்லை, நம் பாட்டிகள் சொன்ன மயில்ராவணன். வால்மீகியில் தேடாதீர்கள், கம்பனிலும் கிடைக்காது. நம் பக்கத்துப் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் கூத்திலும் வாழ்ந்தவன். நம் கதையில் அனுமான் வாலைச் சுருட்டிக் கோட்டை கட்டி உள்ளே ராமனை வைத்துக் காப்பான். தாய் கதையில் அனுமான் பெரிதாக வளர்ந்து ராமனின் பாசறையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறான். மையராப் மயக்கப் பொடியை ஊதி எல்லாரையும் தூங்கவைத்து ராமனைப் பாதாளத்துக்குத் தூக்கிப் போகிறான். தேடிப் போகிற அனுமானை வழிமறிப்பவன் அவனுடைய சொந்த மகன். நமக்கு மச்சவல்லபன், அவர்களுக்கு மச்சானு. கடல் கடந்து போன கதை போன இடத்தில் இவ்வளவு உரிமையோடு மாறியிருக்கிறது. அதை மேடையில் இயந்திரம் வைத்துக் காட்டினால் குடி மூழ்கிப் போகாது. வாயைத் திறக்கிற அனுமானைப் பார்த்து ஒரு குழந்தை வாயைத் திறந்தால் அது நல்ல காரியம்தான்.

இரண்டாவது வழி, நேர் எதிர்த்திசையில் போவது. பிச்செத் க்ளுன்ச்சுன் என்பவருடையது. பதினாறு வயதிலிருந்து சாய்யொட் என்ற கோன் ஆசானிடம் அரக்கர் வேஷம் பயின்றவர். முறையாகப் படித்துத் தேர்ந்த பிறகு, உடையையும் முகமூடியையும் கழற்றி வைத்துவிட்டு, அந்த உடம்பை மட்டும் மேடைக்குக் கொண்டுவந்தார். கோனை அழிக்கிறான் என்று அவருடைய நாட்டிலேயே ஏசினார்கள். 2004-இல் ழெரோம் பெல் என்ற பிரெஞ்சு நடன அமைப்பாளரோடு அவர் ஒரு நிகழ்ச்சி செய்தார். அதன் பதிவைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, எதிரெதிராக இரண்டு பேர், பெல்லின் மடியில் ஒரு மடிக்கணினி. அலங்காரம் என்று எதுவும் கிடையாது. பெல் கேட்கிறார், பிச்செத் பதில் சொல்கிறார். உன் தொழில் என்ன? கோன் என்றால் என்ன? ஆடிக் காட்டு. இது ஆணா பெண்ணா? இந்தக் கை அசைவுக்கு அர்த்தம் என்ன? விவரம் தெரியாத பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்கிறார். வெட்கப்படாமல் கேட்கிறார். அவர் பொறுமையாக எழுந்து நின்று நடந்து காட்டுகிறார்: ஆண் இப்படி, பெண் இப்படி, அரக்கன் இப்படி, குரங்கு இப்படி. பதினைந்து நிமிஷத்தில் நமக்கே பிடிபட ஆரம்பிக்கிறது.

சாவை எப்படிக் காட்டுவீர்கள் என்று பெல் கேட்கும் இடம் ஒன்று வருகிறது. மேடையில் சாவைக் காட்டக்கூடாது, அது அபசகுனம் என்கிறார் பிச்செத். பிறகு துக்கத்தை ஆடிக் காட்டுகிறார். மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல, மிக மெல்ல, ஒரு நடை. நாற்காலியில் இருக்கும் எனக்கு முதலில் பொறுமை போய், பிறகு என்னை அறியாமல் மூச்சு அடங்கியது. இன்னோர் இடத்தில் அவர் விரல்களைப் பின்னால் வளைத்துக் காட்டி, எங்கள் ஆட்டத்தில் சக்தி வெளியே போகாது, வளைந்து உடம்புக்கே திரும்பும், எங்கள் கோயில் கூரையைப் பாருங்கள் என்கிறார். பாலே ஆடுகிறவன் கையை நீட்டினால் அது வெளியே போய்க்கொண்டே இருக்கும். சிறுவயதில் எங்கள் ஆசிரியை ஒருவர் பதினான்காம் லூயியே பாலே ஆடியவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அந்தக் கை ஏன் நீள்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சயாம் அரக்கனிடமிருந்து எழுபதை நெருங்கும்போது தெரிந்துகொண்டேன்.

இதே பிச்செத் 2020-இல் 'நம்பர் 60' என்று ஒன்று செய்தார். தாய் மரபு நடனத்துக்கு அடிப்படையாக 59 நிலைகள் உண்டு. அவற்றைப் பல வருஷம் பிரித்து ஆராய்ந்து, உள்ளே ஓடும் விதிகளைக் கண்டு, அந்த விதிகளிலிருந்து அறுபதாவதைத் தேடுவது. மாற்றம் என்றால் இது. 59-ஐயும் தெரிந்தவன்தான் 60-க்குப் போக முடியும். ஊருக்கு ஊர் 'ஃபியூஷன்' என்று மேடையேறுகிற பலருக்கு ஒன்பதே தெரியாது.

மூன்றாவது வழிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதை யாரும் திட்டுவதும் இல்லை, புகார் எழுதுவதும் இல்லை. பாங்காக் பெரிய அரண்மனைக்கு 500 பாட் கொடுத்து வாங்கும் சீட்டிலேயே, 1933-இல் கட்டிய சாலா சலெர்ம்க்ருங் அரங்கில் ஒரு கோன் காட்சி சேர்த்தி. சுமார் 25 நிமிஷம். மூன்று வருஷத்துக்கு முன்பு மகளும் மருமகனும் அழைத்துப் போனார்கள். அரண்மனைக் கோயிலின் சுற்று மண்டபத்தில் ராமகியனை 178 பகுதிகளாகச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கால் வீங்கி அரங்குக்கு வந்தால் நல்ல குளிர்சாதனம். திரை விலகியது. குரங்குகள் கரணம் போட்டன, அரக்கர்கள் மிதித்தார்கள், சண்டை, ஒருவர் தொடைமேல் ஒருவர் ஏறி நின்ற அழகான நிலை, படம் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தது. என் பக்கத்து இருக்கையில் ஒரு பிரெஞ்சு அம்மாள். தன் துணைவரிடம், பச்சை உடை போட்டவர்கள் இரண்டு பேரில் யார் கடவுள், யார் பிசாசு என்று கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. மதாம், முகமூடி இல்லாதவர் கடவுள் என்று நான் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அதற்குள் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆடியவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பல முறை அதே 25 நிமிஷத்தை ஆடுகிறார்கள், ஒருவரும் அசட்டையாக ஆடவில்லை. நிரந்தரச் சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியும். இந்தக் காட்சி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளில் சிலர் ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் வேகமானதையும் குதிப்பதையும் மட்டும் பொறுக்கி எடுத்து, மெதுவாகப் போகிறதை எல்லாம் வெட்டிவிட்டால், பார்க்கிறவன் எதையும் புரிந்துகொள்ளவே தேவை இல்லாமல் போகிறது. புரியாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்று எழுந்து போகிறான். பணியாரம் சுட்ட தொட்சகனால் கோனுக்கு ஒரு குறையும் வரவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தவனுக்கு அவன் யார் என்று தெரிந்திருந்தது. இங்கே கடவுளும் பிசாசும் ஒன்றாகிவிட்டார்கள்.

2018-இல் யுனெஸ்கோ கோனை உலகப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதே கூட்டத்தில் கம்போடியாவின் லகோன் கோலையும் அவசரமாகக் காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. அது உங்களுடையதா எங்களுடையதா என்று இரண்டு நாட்டு இளைஞர்களும் இணையத்தில் அடித்துக்கொண்டார்கள். சான்றிதழுக்கு இருக்கிற போட்டி நாற்காலியில் போய் உட்காருவதற்கு இருந்தால் நன்றாக இருக்கும்.

என் யோசனை ஒன்று உண்டு. கேட்பார் யாரும் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த 25 நிமிஷத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிஷம், பிச்செத் செய்ததைச் செய்யுங்கள். சாதாரண உடையில் ஒருவர் வந்து நான்கு நடையையும் நடந்து காட்டட்டும். மீதி இருபது நிமிஷத்துக்குப் போர் வேண்டாம். 'நாங் லோய்' ஆடுங்கள்.

கதை இதுதான். விபீடணனை அவர்கள் பிபேக் என்பார்கள். அவன் மகள் பென்யகாய், அரக்கி. சீதையின் பிணமாக மாறி ஆற்றில் மிதந்து போய் ராமனை நம்பவைக்க வேண்டும் என்று தொட்சகன் அவளுக்குக் கட்டளை போடுகிறான். அவள் முதலில் போய்ச் சீதையைப் பார்த்து உருவத்தை மனசில் வாங்கிக்கொள்கிறாள். பிறகு மாறுகிறாள். மாறிய தன் அழகைத் தானே ரசித்து ஒரு நடை நடக்கிறாள். தாய் நடனத்தில் பேர்போன பகுதி அது. அவளைப் பார்த்து உண்மைச் சீதைதான் வந்துவிட்டாள் என்று தொட்சகனே குழைந்து, பிறகு வெட்கப்பட்டுப் போகிறான். மறுநாள் ஆற்றங்கரையில் பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு ராமன் அழுகிறான். அனுமானுக்கு மட்டும் சந்தேகம். நீரோட்டத்துக்கு எதிராகப் பிணம் எப்படி வரும்? சிதையில் வைத்துப் பார்ப்போம் என்கிறான். தீ மூட்டியதும் அவள் புகையோடு எழும்பி ஓடுகிறாள்.

ஒரு பெண், அரக்கியாக ஆடி, அந்த அரக்கி சீதையாக ஆடுவதை ஆடவேண்டும். ஐந்து நிமிஷப் பாடம் கேட்டவனுக்கு அந்தச் சீதையின் நடையில் அரக்கி எங்கே எட்டிப் பார்க்கிறாள் என்று தேடத் தோன்றும். அந்தப் பிரெஞ்சு அம்மாளே கண்டுபிடித்துத் துணைவரின் தோளைத் தட்டிக் காட்டியிருப்பார்.